மூணாவது மாடி!

மாலை நேர டிப்ளமோ வகுப்பு. எங்க நாலு பேர் கோஷ்டிக்கு விழுந்த தலைப்பு, 'தனிநபர் உடற்பயிற்சித் திட்டம்'. பஜ்ஜி, டீ சகிதம் தயாரித்தோம்!

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் பெரியவர்களுக்குச் சொன்ன கணக்கு: வாரம் குறைந்தது 150 நிமிடம் வேக நடை, 2 நாள் தசைப் பயிற்சி. நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. நாலு வார்த்தைக்கே மூச்சு வாங்கினால் அது கடும் பயிற்சி! எல்லாம் சார்ட்டில் ஜோராக எழுதியாச்சு.

அன்னிக்குப் பார்த்து லிஃப்ட் ரிப்பேர். மூணு மாடி ஏறி மேடைக்குப் போனால், 'வணக்கம்' சொல்லவே மூச்சு முட்டுகிறது. எனக்கு வயசு முப்பத்தினாலு!

''திட்டம் பிரமாதம் சார்... யாருக்கு?'' என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது, நானும்தான். ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளிலிருந்து ரெண்டு ஸ்டாப் முன்னாடியே இறங்கி நடக்கிறேன். வாரம் 5 நாள், 30 நிமிடம். பி.காம். கணக்கு, தப்பாது!