கைஃபெங் நகரின் பெண்கள் பள்ளிவாசல்

சீனாவின் ஹெனான் மாகாணத்திலுள்ள கைஃபெங், வட சோங் மன்னர்களின் தலைநகராயிருந்த தொன்மையான நகரம். 1049இல் எழுப்பப்பட்ட ‘இரும்புக் கோபுரம்’ என்னும் பௌத்த கோபுரத்தைக் காண அங்கு செல்வோர் பலர். வாங்ஜியா ஒழுங்கையிலுள்ள சிறிய பள்ளிவாசலை அறிந்தோர் சிலரே. சீனக் கோயிலைப் போல ஓட்டுக்கூரை கொண்ட அது, 1820இல் பெண்களுக்கென்றே தோன்றியது.

ஹுய் முஸ்லிம்களிடையே மார்க்க அறிவு மங்கிவிடக் கூடாதென்ற கவலையில், பெண்களுக்காக ஓதற்பள்ளிகள் தொடங்கின. அவையே காலப்போக்கில் பெண்கள் பள்ளிவாசல்களாயின. அவற்றுக்குப் பொறுப்பான ஆலிமாவை ‘நூ அஹோங்’ என்பர். குர்ஆன் ஓதிக்கொடுப்பதும், பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுவதும் அவரது பணிகள். தொழுகையில் அவர் முன்னே தனித்து நிற்பதில்லை. பெண்களோடு ஒரே ஸப்பில் நிற்பார்.

சகோதரிகளே! அரபு மொழி அறியாத தூரதேசத்தில் தீனைக் காத்ததில், ஓதக் கற்ற தாய்மாருக்கும் பங்குண்டு. நம் பெண்மக்களின் ஓதலை இடைநடுவில் நிறுத்தலாமா?