கழைக்கூத்தும் நாடக அரங்கும்

கயிற்றின்மேல் நடத்தல், கழையின் உச்சியில் சுழலுதல், உயர்ந்த மரத்தில் ஏறி நின்று ஆடுதல் முதலிய அருந்திறல்களை இக்காலத்தார் பெரும்பாலும் 'சர்க்கஸ்' என்னும் ஒரு சொல்லால் சுட்டி, நாடகக் கலைக்குப் புறம்பானவை என ஒதுக்கிவிடுகின்றனர். அவ்வாறு ஒதுக்குதல் பொருந்துமா, அன்றி இத்திறல்கள் நாடகத்தின் உள்ளுறுப்பாக அமைதற்கு இடமுண்டா என்பதே ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. இதற்குரிய சான்றுகளைப் பழைய நூல்களிலிருந்தும், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த நிலப்பகுதியையும் சார்ந்த கூத்து மரபிலிருந்தும் எடுத்து ஆராய்வோம்.

சங்க நூற் சான்றுகள்

கயிற்றாட்டம் தமிழகத்திற்குப் புதியதன்று. குறுந்தொகையின் 7ஆம் பாட்டில், உடன்போக்கில் செல்லும் இருவரைக் கண்டோர் பேசுகின்றனர். வாகை மரத்தின் முற்றிய நெற்றுகள் காற்றில் ஒலிப்பதற்கு, ஆரியர் கயிற்றின்மேல் ஆடும்போது கொட்டும் பறையின் ஒலி உவமையாகிறது. கேட்போர் அறியாத பொருளை உவமையாக்குதல் மரபன்று. ஆகவே அப்பறையொலி அக்காலத்து மக்களுக்குப் பழகிய ஒலியே எனக் கொள்ளலாம்.

நற்றிணையின் 95ஆம் பாட்டு இதனினும் விரிந்த காட்சி தருவது. ஆடுமகள் நடந்துசென்ற முறுக்குண்ட கயிற்றில் குரங்குக் குட்டி ஒன்று தொங்குகின்றது. அது கண்ட குறச்சிறார் தாளம் கொட்டி மகிழ்கின்றனர். கயிற்றின்மேல் நடந்தவள் பெண் என்பதும், பல இசைக்கருவிகள் உடன் முழங்கின என்பதும் இப்பாட்டால் தெளிவாகின்றன. இன்றும் ஊர்த்தெருக்களில் இணைகழைகளை நட்டுக் கயிறு கட்டி, கீழே ஒருவர் பறை கொட்ட, மேலே சிறுமி ஒருத்தி கோலைக் குறுக்கே ஏந்தி நடக்கும் காட்சியோடு இதனை ஒப்பிட்டு நோக்குக.

வினோதக் கூத்து

சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார், வினோதக் கூத்தினைக் குரவை, கலிநடம், குடக்கூத்து, கரணம், நோக்கு, தோற்பாவை என ஆறாகப் பகுத்துக் காட்டுவர். அவற்றுள் கலிநடம் என்பதற்குக் கழாய்க்கூத்து என்றே பொருள் கூறுவர். கழாய் என்பது மூங்கிற் கழை. எனவே கழைக்கூத்து கூத்தின் வகையுள் அடங்கியதே என்பதும், ஆனால் கதை தழுவிய கூத்தினின்றும் பிரித்து 'வினோதம்' என்னும் தலைப்பில் வைக்கப்பட்டது என்பதும் பெறப்படும்.

இப்பிரிவுக்கு அடிப்படை யாது? தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இதற்கு விளக்கம் காண உதவும். கழைக்கூத்தைக் காண்பார்க்கு முதலில் எழுவது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கும் மருட்கைக்கு நிலைக்களன் என்பர். உயரத்தில் நடக்கும் சிறுமியிடம் புதுமையும் உண்டு; சிறுமையும் உண்டு. அடுத்து எழுவது அச்சம். ஆனால் இவ்வச்சம், தொல்காப்பியம் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கனுள் ஒன்றாலும் பிறந்ததன்று. அஃது ஆடுபவர் வீழ்ந்துவிடுவாரோ என்னும் நடுக்கம். கதைமாந்தர்க்காக அன்றி ஆடுபவர்க்காகவே அஞ்சுகின்றோம். இங்ஙனம் அஞ்சுமளவில் கதை மறைந்து, ஆடுபவரின் உடம்பு மட்டுமே நம் கண்முன் நிற்கும். இதுவே வினோதத்திற்கும் நாடகத்திற்கும் இடைப்பட்ட எல்லை என்பது எம் கருத்து.

சாக்கையர் ஆடல்

உடற்றிறல் இவ்வெல்லையைக் கடந்து நாடகமாதல் கூடும் என்பதற்குச் சிலப்பதிகாரமே சான்று தருகின்றது. பறையூர்க் கூத்தச் சாக்கையன் செங்குட்டுவன்முன் கொட்டிச்சேதம் ஆடினான். ஒரு பாகம் இறைவனாகவும் ஒரு பாகம் உமையாகவும் நின்று ஆடிய அக்கூத்தில், இறைவன் பாகம் இயங்க, உமை பாகத்துப் பாடகம் பதையவில்லை, வளை துளங்கவில்லை, மேகலை ஒலிக்கவில்லை. ஓருடம்பின் பாதியை ஆட்டி மறுபாதியை அசையாது நிறுத்துதல் எளிய செயலன்று. எனினும் காண்போர் அங்கே கண்டது சாக்கையனின் திறனை அன்று. மாதொரு பாகனையே கண்டனர். திறல் பாத்திரத்துள் கரைந்துவிட்டது.

இச்சாக்கையர் மரபு அரியலூர் மாவட்டத்தில் வேரூன்றியிருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கொள்ளிடக் கரையிலுள்ள காமரசவல்லிக் கோயிலின் முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு, மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் மும்மூன்று முறை சாக்கைக்கூத்து ஆடுதற்பொருட்டுச் சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பானுக்கு நிலம் அளித்ததைக் கூறுகின்றது. ஆடலுக்கு நாளும் அளவும் வரையறுத்து, ஆடுவோனின் வாழ்வுக்கும் வழிவகுத்த இச்செய்தி நினைவிற் கொள்ளத்தக்கது.

தபசு மரம்

உயரம் ஏறும் திறல் நாடகத்தோடு முற்றும் இயைந்து நிற்பதைத் தெருக்கூத்தில் காண்கின்றோம். திரௌபதையம்மன் விழாக்களில் நிகழும் 'அருச்சுனன் தபசு' அத்தகையது. இவ்விழா மரபு வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு நிலப்பகுதிகளில் மிக்கு வழங்குவது. வெள்ளாற்றுக்குத் தெற்கே அரியலூர், பெரம்பலூர் மாவட்டத்து ஊர்களிலும் திரௌபதையம்மன் கோயில்கள் உள்ளன.

பாசுபதம் வேண்டி அருச்சுனன் தவம் செய்த கதையை வில்லிபாரதம் தனிச் சருக்கமாகப் பாடுகின்றது. கூத்தில் அக்கதை வெட்டவெளியில் நட்ட நெடுமரம் ஒன்றின்மேல் நிகழும். மரத்தில் படிகள் அடித்து, உச்சியில் அமர இடம் அமைப்பர். அருச்சுனன் வேடம் பூண்டவர் ஒவ்வொரு படியிலும் நின்று பாடியவாறு ஏறுவார். உச்சியை அடைந்து வழிபாடு இயற்றி, எலுமிச்சம்பழம், மலர், திருநீறு முதலியவற்றைக் கீழே எறிவார். மகப்பேறு வேண்டும் மகளிர் அவற்றை ஏந்திப் பெறக் காத்திருப்பர்.

இங்கு மூன்று இயல்புகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, ஏறுதல் என்பது பாத்திரத்தின் செயலே. மரம் மலையாகிறது, ஏற்றம் தவமாகிறது. இரண்டாவது, ஏற்றமும் பாட்டும் ஒரே மூச்சால் இயங்குவன. படிதோறும் நின்று பாடுவதால் உடலின் களைப்பே தவத்தின் கடுமையை உணர்த்துகின்றது. மூன்றாவது, காண்போர் வாளா இருப்பதில்லை. மேலே நோக்கிக் கையேந்தி நிற்றலால் தாமும் கூத்தின் பகுதியாகின்றனர். இங்கே எழும் மெய்ப்பாடு நடுக்கம் அன்று. தறுகண்மையால் பிறக்கும் பெருமிதமே.

பிறநாட்டு அரங்கு

மேனாட்டாரும் இவ்வினாவை எதிர்கொண்டனர். 1970இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்போர்டில் பீட்டர் புரூக் இயக்கிய சேக்சுபியரின் 'நடுவேனிற் கனவு' நாடகத்தில், வெண்ணிற அரங்கில் தொங்கிய ஊசற்கோல்களில் நடிகர் ஆடினர். மாய மலர்க்குப் பதிலாகக் கோல்நுனியில் சுழலும் தட்டு ஒன்று கைமாறியது. ஆங்கும் உயரம், வனதேவதைகளின் இயல்பை உணர்த்தும் கருவியாகவே நின்றது. சென்னையில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை, தெருக்கூத்தின் உடற்பயிற்சியை நவீன நடிகர்க்குக் கொணர்ந்ததும் ஈண்டு எண்ணத்தக்கது.

ஆய்வாளர் கடமை

இதுகாறும் கூறியவற்றால், உடற்றிறல் கதைமாந்தரின் செயலாகுமிடத்து நாடகமாகும் என்பதும், ஆடுபவரின் இடரே காட்சியாகுமிடத்து வினோதமாக நின்றுவிடும் என்பதும் புலனாகும். இவ்வேறுபாடு இலக்கணத்தளவில் அமைவதன்று. கயிற்றில் நடக்கும் சிறுமியின் இடர் மெய்யான இடர். சர்க்கஸ்களில் சிறாரைப் பணியமர்த்தலை உச்சநீதிமன்றம் 2011இல் தடுத்ததற்கும் இத்தகைய இடரே காரணம். அச்சத்தை விற்கும் ஆடலை மரபென்று போற்றுமுன், அவ்வச்சம் எவர் தலைமேல் நிற்கின்றது என வினவுதல் வேண்டும்.

பிறிதொன்றும் உண்டு. அருச்சுனன் தபசின் பாட்டை ஏட்டிலும் அச்சிலும் காணலாம். ஏற்றத்தைக் காண இயலாது. எந்தப் படியில் எப்பாட்டு, எங்கே மூச்சு நிறுத்தம், மரம் எதனாலாயது, எவ்வாறு நடப்பட்டது என்பன நூற்பதிப்பில் இடம்பெறுவன அல்ல. பாட்டை மட்டும் பதிப்பித்தல் கூத்தின் பாதியைப் பதிப்பித்தலாகும். ஆதலின் கூத்து நூல்களைப் பதிப்பிக்கும் ஆய்வு மாணவர், களத்தில் நின்று ஏற்றத்தையும் பாட்டோடு சேர்த்துக் குறித்தல் இன்றியமையாதது. ஏறத் தெரிந்தவர் உள்ள காலத்திலேயே இப்பணி முடிதல் வேண்டும்.