மின்சாரம் கேட்காத கம்பி

மலாவியில் ஒரு அரசு மருத்துவமனையின் எலும்பு முறிவு வார்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது கயிறுகள்தான். நோயாளியின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பின் குறுக்கே ஓர் எஃகு ஊசி. அதில் கட்டிய கயிறு கட்டிலின் கால்மாட்டைத் தாண்டி இறங்குகிறது, நுனியில் எடை தொங்குகிறது. தொடை எலும்பு முறிந்தவருக்கு இதுதான் வைத்தியம். பெயர் டிராக்‌ஷன். குறைந்தது ஆறு வாரம் இப்படியே மல்லாந்து கிடக்க வேண்டும். பலருக்கு அது மூன்று மாதம் வரை நீள்வதும் உண்டு.

எடை எதற்கு? தொடைத் தசைகள் உடம்பிலேயே வலுவானவை. நடுவில் இருக்கும் எலும்பு உடைந்ததும், அவை முறிந்த இரண்டு முனைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக இழுத்துவிடும். மாவுக்கட்டால் இந்த இழுப்பைத் தடுக்க முடியாது. அப்படியே விட்டால் எலும்பு கூடும், ஆனால் கால் சில சென்டிமீட்டர் குட்டையாகவோ கோணலாகவோ ஆகிவிடும். அதனால்தான் எதிர்த்திசையில் ஓர் எடை. கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் நோயாளியின் வீடு வரவில்லை. விபத்தில் சிக்குபவர் பெரும்பாலும் இளைஞர், குடும்பத்தில் சம்பாதிப்பவர். அவர் படுக்கையில் கிடக்கும் காலம் முழுவதும் அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவரும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார வேண்டும்.

அதே முறிவு சென்னையிலோ லண்டனிலோ நேர்ந்தால், "தொடைக்குள் கம்பி வைக்கணும்" என்பார் மருத்துவர். ஓரிரு நாளில் ஆபரேஷன், மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் சொல்வார்கள். எலும்பு முழுதாகக் கூட எல்லாருக்கும் மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அந்த மாதங்களை எங்கே கழிக்கிறோம், கட்டிலிலா வீட்டிலா என்பதுதான் வேறுபாடு.

கம்பி புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜெர்மனியின் கீல் நகரில் கெர்ஹார்ட் குன்ட்ஷர் என்ற அறுவை மருத்துவர் 1939இல் முதன்முதலாக எலும்பு மஜ்ஜைக் குழாய்க்குள் நீளமான எஃகு ஆணியைச் செலுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிடம் சிறைப்பட்டு ஊர் திரும்பிய அமெரிக்க வீரர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த மருத்துவர்கள், தொடைக்குள் உலோகத்தைக் கண்டு திகைத்தார்கள். 1945 மார்ச்சில் டைம் இதழ் இதைச் செய்தியாகவே போட்டது. இன்று உலகம் முழுவதும் தொடை முறிவுக்கு இதுவே முதல் தேர்வு. அப்படியிருக்க, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகும் மலாவியில் ஏன் கயிறு தொங்குகிறது?

ஏழ்மை என்ற பதில் பாதி உண்மைதான். மீதிப் பாதி அந்தக் கம்பியின் வடிவத்திலேயே இருக்கிறது.

குன்ட்ஷரின் ஆணி மஜ்ஜைக் குழாயின் சுவரோடு இறுக்கமாக உரசி நின்றது. எலும்பு நடுவில் நேராக முறிந்திருந்தால் அது போதும். நொறுங்கிய எலும்பில் போதாது. கால் சுழலும், சுருங்கும். எனவே பின்னால் வந்தவர்கள் கம்பியின் மேலும் கீழும் துளைகள் வைத்து, எலும்புக்கு வெளியிலிருந்து குறுக்கே ஸ்குரு போட்டுப் பூட்டினார்கள். மேல் துளை எளிது. கீழ்த் துளைதான் தொல்லை. தசைக்கும் எலும்புக்கும் உள்ளே, கம்பியின் மேல்முனையிலிருந்து நாற்பது சென்டிமீட்டர் அளவு தள்ளி இருக்கும் சின்னத் துளையை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது, மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஊசியில் நூல் கோப்பது மாதிரி. பணக்கார நாடுகள் இதற்கு சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே இயந்திரத்தை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுவந்தன. படம் திரையில் ஓட ஓட ஸ்குரு போடலாம். அதற்கு நிலையான மின்சாரம் வேண்டும், இயக்கத் தெரிந்தவர் வேண்டும், பழுதானால் பார்க்க ஆள் வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாத இடத்துக்கு இயந்திரத்தை நன்கொடையாக அனுப்புவது வழக்கமான தர்மம். அதன் கதி என்ன என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது: ஏழை நாடுகளின் மருத்துவமனைகளில் உள்ள கருவிகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு வேலை செய்வதில்லை.

லூயிஸ் ஸர்க்கிள் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் எதிர்த்திசையில் யோசித்தார். வியட்நாம் போரின்போது ராணுவ மருத்துவராக இருந்தவர், பிறகு ஆசிய நாடுகளில் பாடம் எடுக்கப் போய்வந்தவர். மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது, அவர்கள் கையில் கருவி இல்லையே என்பது அவர் கண்டது. 1999இல் வாஷிங்டன் மாநிலத்தின் ரிச்லண்ட் நகரில் 'சைன்' என்ற லாப நோக்கமற்ற அமைப்பைத் தொடங்கினார். சி-ஆர்மை அனுப்பாமல், சி-ஆர்மே தேவைப்படாத கம்பியைச் செய்வதுதான் அதன் வேலை.

சைன் கம்பி உள்ளே துளையில்லாத கெட்டி எஃகு. கம்பியின் தலையில் வெளிப்புறமாக ஒரு நீண்ட சட்டம் பொருத்தப்படுகிறது. கம்பி உள்ளே இறங்கும்போது சட்டம் காலுக்கு வெளியே இணையாக நிற்கும். கீழே எந்த இடத்தில் துளையிட வேண்டும் என்பதைச் சட்டத்தில் உள்ள ஓட்டை காட்டும். கம்பியில் வட்டத் துளைக்குப் பதில் நீள்வாக்கில் பிளவு இருப்பதால் ஓரிரு மில்லிமீட்டர் தவறினாலும் பாதகமில்லை. எலும்பின் முதல் சுவரைத் துளைத்ததும் மருத்துவர் ஒரு மெல்லிய கருவியை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்கிறார். பிளவுக்குள் அது விழுந்துவிட்டால் கம்பியை அசைக்கும்போது கருவியும் சேர்ந்து அசையும், கைக்குத் தெரியும். மஜ்ஜைக் குழாயை அகலப்படுத்துவதும் கையால்தான். நடுவில் மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. கண் பார்க்க வேண்டியதைக் கை பார்க்கிறது. பொறியியலில் இதைவிட அழகான சமரசத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

சமரசம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. திரையில் பார்க்க முடியாததால், முறிந்த இடத்தைத் திறந்துதான் பல நேரம் முனைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. வெட்டு பெரிதானால் கிருமி நுழையும் வாய்ப்பும் கூடும்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் மூன்று லட்சம் பேருக்கு மேல் இந்தக் கம்பி கிடைத்திருக்கிறது. தான்சானியா, எத்தியோப்பியா, கென்யா, மலாவி எனக் கிழக்கு ஆப்பிரிக்காவில் இது எலும்பு மருத்துவர்களின் அன்றாடப் பொருள். கம்பி இலவசம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே படங்களை மருத்துவர் இணையப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றினால், பயன்படுத்திய கம்பிக்குப் பதில் புதுக் கம்பி வரும். படத்தைப் பார்த்து அமைப்பின் மருத்துவர்கள் கருத்து எழுதுவார்கள். என் பார்வையில், கம்பியைவிடப் பெரிய கண்டுபிடிப்பு இந்தப் பதிவேடுதான். நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்கும் கிடைக்கிறது, தூரத்து ஊரில் தனியாக இருக்கும் மருத்துவருக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கிறது.

பதிவேட்டில் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. 55 நாடுகளில் நடந்த 34,361 ஆபரேஷன்களை நார்வே ஆய்வாளர்கள் 2011இல் அலசினார்கள். சீழ் பிடித்தது வெறும் 1 விழுக்காட்டினருக்கு! ஆனால் மறுபடி மருத்துவமனைக்கு வந்து காட்டியவர்களோ 18 விழுக்காட்டினர் மட்டும். வந்தவர்களை மட்டும் எண்ணினால் தொடைக் கம்பியில் 3 விழுக்காட்டுக்கு மேல், முழங்காலுக்குக் கீழே வைத்த கம்பியில் ஏறத்தாழ 7 விழுக்காடு. மீதி 82 விழுக்காட்டினர் நலமாக இருப்பதால் வரவில்லையா, பேருந்துக்குக் காசில்லாமல் வரவில்லையா? பதிவேடு பதில் சொல்லாது.

தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் உள்ள முஹிம்பிலி எலும்பியல் நிறுவனம் இதற்கு ஒரு கெட்டிக்கார வழியைச் சோதித்தது. நோயாளி குந்தி உட்கார வேண்டும், கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், ஒரு படம். அவ்வளவுதான். முழுதாகக் குந்த முடிந்தால் இடுப்பும் முழங்காலும் மடங்குகின்றன, எலும்பு எடை தாங்குகிறது. சிரிக்க முடிந்தால் வலி இல்லை. குந்துவது அன்றாட வாழ்வின் பகுதியாக இருக்கும் ஊர்களில் இதைவிட எளிய சோதனை ஏது? கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவர்களோடு சேர்ந்து நடந்த அந்த ஆய்வு 2019இல் வெளியானது. எலும்பு கூடிவிட்டதா என்பதை ஓரளவு நம்பகமாக இந்தப் படம் சொல்லும் என்று அது காட்டியது. படம் எடுக்க ஒரு செல்போன் போதும்.

அதே நகரில் நடந்த இன்னொரு ஆய்வு, கம்பியின் எல்லையையும் காட்டியது. கீழ்க்கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த 240 பேரில் ஒரு பாதிக்கு உள்ளே கம்பி, மறு பாதிக்கு எலும்பை வெளியிலிருந்து பிடித்து நிறுத்தும் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். கம்பி வைத்தவர்கள் முதல் வாரங்களில் கூடுதல் சுகமாக இருந்தார்கள், கோணலும் குறைவு. ஆனால் ஓராண்டில், ஆழமான கிருமித் தொற்று போன்ற பெரிய சிக்கல்களில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. திறந்த காயத்தில், எந்த உலோகம் என்பதைவிட, முதல் சில மணி நேரத்தில் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்களா, காயத்தைக் கழுவினார்களா என்பதுதான் முக்கியம்.

அந்த முதல் மணி நேரங்களில் மருத்துவர் இருக்கிறாரா? மலாவி இதற்கு 1985லேயே தன் வழியில் விடை தேடியது. முழு மருத்துவர்கள் போதாத நாட்டில், எலும்பு முறிவுக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர்களை உருவாக்கியது. இன்றும் மாவட்ட மருத்துவமனைகளில் மாவுக்கட்டு போடுவதும் டிராக்‌ஷன் கட்டுவதும் காயம் கழுவுவதும் பெரும்பாலும் அவர்கள்தான். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த 'ஏஓ அலையன்ஸ்' என்ற இன்னொரு லாப நோக்கமற்ற அமைப்பு இவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதில் கவனம் வைத்திருக்கிறது. பல ஊர்களில் நோயாளி இவர்களிடம் வரும் முன்பே நாட்டு வைத்தியரிடம் போய்விடுகிறார், நம்மில் பலர் புத்தூர் கட்டுக்குப் போவது போல. மிக இறுக்கமாகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். எத்தியோப்பியாவில் நாட்டு வைத்தியர்களைக் கூட்டி எளிய பயிற்சி கொடுத்ததும் இப்படிக் காலை இழப்பவர்கள் குறைந்தார்கள். விரட்டுவதைவிடப் பயிற்றுவிப்பது பலன் தந்தது.

முறிவுகள் எங்கிருந்து வருகின்றன என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கச் சாலைகளில் வாடகைக்கு ஓடும் 'போடா போடா' மோட்டார் சைக்கிள்களில் பெரும்பகுதி பஜாஜின் பாக்ஸர், ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ்ஸின் எச்எல்எக்ஸ் போன்ற இந்திய வண்டிகள். அவை லட்சக்கணக்கான இளைஞர்களுக்குச் சோறு போடுகின்றன. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, கரடுமுரடான பாதையிலும் ஓடும். வண்டியைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி உலக வாகனங்களில் 3 விழுக்காடு மட்டுமே கொண்ட ஆப்பிரிக்கப் பகுதியில்தான் சாலைச் சாவுகளில் 19 விழுக்காடு நிகழ்கிறது. செத்தவர் ஒருவருக்குப் பல மடங்கு பேர் கைகால் முறிந்து பிழைக்கிறார்கள்.

செலவு என்ற வாதமும் நிற்கவில்லை. மலாவியில் டிராக்‌ஷனையும் கம்பியையும் ஒப்பிட்ட ஆய்வுகள் வந்துவிட்டன. கம்பி வைத்தவர்கள் சீக்கிரம் நடந்தார்கள், அவர்கள் வாழ்க்கைத் தரமும் மேலாக இருந்தது. படுக்கை நாட்களையும் சேர்த்துக் கூட்டினால், கம்பிக்கு ஆகும் மொத்தச் செலவு டிராக்‌ஷனைவிட அதிகமும் இல்லை. ஆகவே கயிற்றில் தொங்கும் எடையை இனி ஏழை நாட்டின் சிக்கனம் என்று சொல்ல முடியாது. இலவசக் கம்பியை ஒரு வெளிநாட்டு அமைப்பு இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறது. அதைக் கையாள மருத்துவர், தியேட்டர் நேரம், முதல் மணி நேரத்து ஊசி, நோயாளி திரும்பி வருவதற்கான பேருந்துக் காசு ஆகிய நான்கையும் அந்தந்த நாட்டு அரசுகள்தான் தங்கள் பட்ஜெட்டில் எழுத வேண்டும்.