உப்பளத்துக்கு அப்பால் ஒரு கல் காடு

மரக்காணம் உப்பளத்தில் கோடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், வேதியியல் பாடம் கண்ணெதிரே நடக்கும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. வெயில் ஏற ஏற அவை ஒன்றாகப் படிவதில்லை. முறை வைத்துப் படிகின்றன. முதலில் சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், நீர் பத்தில் ஒரு பங்காக வற்றிய பிறகே சமையல் உப்பு. பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றுவதும் அவ்வப்போது அதன் அடர்த்தியை டிகிரியில் அளந்து பார்ப்பதும் இதற்காகத்தான். 25 டிகிரி வாக்கில் உப்பு இறங்கத் தொடங்கும். 30-ஐத் தாண்டவிட்டால் மக்னீசியமும் சேர்ந்து கசக்கும்.

கரைந்தது படியும் இன்னொரு பாடம், இங்கிருந்து தென்மேற்கே சங்கராபரணி ஆற்றங்கரையிலுள்ள திருவக்கரையில் இருக்கிறது. பௌர்ணமி தோறும் வக்கிரகாளியம்மனைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர், ஊருக்குக் கிழக்கே ஒரு கிலோமீட்டரில் உள்ள கல்மரப் பூங்காவை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் அது. சுமார் 247 ஏக்கரில் ஒன்பது பகுதிகளாகக் கிடக்கிறது. மக்களுக்குத் திறந்திருப்பது சிறு பகுதிதான். ராட்சத மரங்களின் காடு என்று கேட்டு நிழலை நம்பிப் போகிறவர்கள் குடை எடுத்துப் போவது நல்லது. இங்கே ஒரு மரமும் நிற்கவில்லை. செம்மண் மேட்டில் 200-க்கும் மேற்பட்ட அடிமரங்கள் படுத்துக் கிடக்கின்றன. 3 மீட்டரிலிருந்து 15 மீட்டர் நீளம் வரை.

கிட்டே குனிந்து பாருங்கள். பட்டை உரிந்த இடத்தில் நார் ஓடியிருப்பது தெரியும், கணு தெரியும், கிளை முறிந்த வடு தெரியும். விரலால் தட்டினால்தான் கல். பேனாக் கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது. கத்தியின் இரும்புதான் தேய்ந்து பளபளப்பாக ஒட்டிக்கொள்ளும். (வேலிக்குள் இதைச் செய்துபார்க்க வேண்டாம், துண்டு ஒன்றைப் பையில் போடவும் வேண்டாம். இரண்டுக்கும் தடை.) வக்கிராசுரனின் எலும்புகள் இவை என்பது ஊர்க்கதை. உடைந்த முனைகளைப் பார்த்தால் அந்தக் கதையைக் கட்டியவர்களைக் குறை சொல்லத் தோன்றாது. பிரெஞ்சு இயற்கையியலர் பியர் சொன்னரா 1780-களின் தொடக்கத்தில் இவற்றைப் பற்றி எழுதியதிலிருந்துதான் அறிவியல் உலகம் திருவக்கரையை அறிந்தது.

இந்த மரங்கள் இங்கே முளைத்தவை அல்ல. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெருவெள்ளம் எங்கிருந்தோ புரட்டிக்கொண்டுவந்து மணலில் புதைத்த கட்டைகள். அந்த மணல்தான் இன்று கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற பாறை. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்தப் பட்டினத்துக் கரையிலும் அலை ஒதுக்கிய மரங்களைப் பற்றிய பேச்சு வருகிறது. அவற்றைப் பரதவப் பெண்கள் அடுப்பில் எரித்துவிட்டார்கள். திருவக்கரைக் கட்டைகளை எரிக்க அன்று மனிதர் யாரும் இல்லை.

புதைந்த கட்டைக்குக் காற்று போகாது. மட்க வைக்கும் உயிர்கள் அங்கே பிழைப்பது கடினம். மணலில் உள்ள கனிமங்கள் சிதையும்போது வெளிப்படும் சிலிக்கா, நிலத்தடி நீரில் கரைந்து மரத்துக்குள் ஊறுகிறது. உப்பளக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது. கடல்நீரில் உப்பு கிராம் கணக்கு, நிலத்தடி நீரில் சிலிக்கா லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம். அதோடு, இங்கே தண்ணீர் வற்றத் தேவையில்லை. மரத்தின் செல்லுலோஸ் மூலக்கூறுகள் சிலிக்காவைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. செல் சுவரில் முதல் படலம் படிகிறது, அதன்மேல் இன்னொன்று, பிறகு செல்லின் உள்ளறையும் நிரம்புகிறது. முதலில் ஓபல், காலப்போக்கில் அது குவார்ட்ஸாக இறுகுகிறது. இதற்குக் கோடி ஆண்டுகள் பிடிக்குமோ என்றால், இல்லை. ஜப்பானில் சிலிக்கா மிகுந்த வெந்நீர் ஊற்றில் போட்டுவைத்த மரத்துண்டுகளில் 7 ஆண்டுகளிலேயே கணிசமான சிலிக்கா ஏறியிருந்தது. 2 கோடி என்பது மரம் புதைந்து ஆன வயது, கல்லாவதற்குப் பிடித்த காலம் அல்ல.

செல் செல்லாகப் படிந்ததால் ஒரு நன்மை. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் குடும்பமே தெரிந்துவிடும். நீர்க்குழல்களின் துளைகள் இருந்தால் பூக்கும் மரம், இல்லாவிட்டால் ஊசியிலை மரமாக இருக்கலாம். புளி, ஆமணக்கு, மருது, மா ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்தவை இங்கே அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நம் வீட்டுக் கொல்லையின் தூரத்து உறவுகள்!

வந்தது வந்தோம், குகையும் பார்க்கலாம் என்பவர்கள் மேற்கே செஞ்சிப் பக்கம் போக வேண்டும். அங்கே இயற்கைக் குகைகளைத் தேடிப் பயனில்லை. ஆந்திரத்தின் போரா குகைகளைப் போல மழைநீர் அரித்துக் கூடம் அமைக்க, கரையும் சுண்ணாம்புப் பாறை வேண்டும். செஞ்சி வட்டாரத்துப் பாறையோ இறுகிய கருங்கல், கல்மரங்களைவிடப் பல மடங்கு மூத்தது. அதைக் குடைய உளிதான் வழி. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் அதைச் செய்துகாட்டினான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் சேர்க்காமல் மும்மூர்த்திகளுக்கு இந்தக் கோயிலை எடுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு பெருமைப்படுகிறது. சந்நிதிகள் இன்று வெறுமையாக இருக்கின்றன. இரண்டு பக்கமும் ஆளுயரத் துவாரபாலகர்கள் மட்டும் கதாயுதத்தில் சாய்ந்து நிற்கிறார்கள். நேரம் இருந்தால், அதே மன்னன் குடைந்த தளவானூர் குடைவரையும் பக்கத்திலேயே இருக்கிறது.