கண் நீரழுத்த நோயும் துணை மருத்துவமும்

கண்ணொளியைக் கவரும் நோய்கள் பல. அவற்றுள் ஆரவாரமின்றி வருவது குளோக்கோமா எனப்படும் கண் நீரழுத்த நோயாகும். கண்ணினுள் ஊறும் நீர் முறையாக வடியாது தேங்குங்கால் உள்ளழுத்தம் மிகும். பார்வை நரம்பு சிறிது சிறிதாக நலியும். அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. இரச அளவில் நிற்பது இயல்பு. எனினும் அவ்வெல்லைக்குள்ளும் நரம்பு நலிவதுண்டு. முதலிற் பக்கப்பார்வை குறுகும். நடுப்பார்வை நெடுங்காலம் தெளிவாயிருத்தலின் நோயாளர் அதனை உணரார். கண்புரையாற் குன்றிய பார்வையை அறுவையால் மீட்கலாம். இந்நோயால் இழந்த பார்வையோ மீளாது.

பொத்துவில் முதல் கல்முனை வரையுள்ள கடற்கரை ஊர்களில் ஆங்கில மருத்துவரை நாடுவோரே யூனானி, சித்த வைத்தியரையும் நாடுவர். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் இம்முறைகளையும் தன்னுள் அடக்கியது. ஆதலின், இந்நோய்க்கு மூலிகையும் யோகமும் துணைசெய்யுமா என்னும் வினா நமக்கு இன்றியமையாததாகின்றது.

மூலிகை இகழத்தக்கதன்று. மேற்கு ஆபிரிக்காவின் கலபார் அவரையிலிருந்து எடுத்த மருந்தை 1876இல் இந்நோய்க்குக் கையாண்டவர் ஜேர்மானிய மருத்துவர் லாக்கர், அவரும் இந்நோயுற்றவரே. மறு ஆண்டிற் பிரேசில் நாட்டு இலையொன்றின் சத்தான பைலோகார்ப்பின் பயன்பட்டது. இவை நிலைபெற்றமைக்குக் காரணம் அளவும் சோதனையுமாம். ஊமத்தையும் மூலிகையே, ஆயின் அது கண்மணியை விரிப்பது. நீர் வடியும் கோணம் ஒடுங்கிய கண்ணில் அழுத்தத்தைத் திடீரென உயர்த்திவிடவும் கூடும். கஞ்சா அழுத்தத்தைக் குறைப்பதாக 1971இல் அறியப்பட்டது. அப்பயன் மூன்று நான்கு மணி நேரமே நிற்பதாலும், தீங்கு மிகுதியாதலாலும் கண் மருத்துவர் அதனை விதிப்பதில்லை. ஜிங்கோ இலைச்சாறு பற்றிய சோதனைகளோ ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

யோகத்திலும் பகுத்தறிதல் வேண்டும். சென்னைச் சங்கர நேத்ராலயா ஆய்வாளர் யோகப் பயிற்சியாளர் 75 பேரை ஆராய்ந்து, சிரசாசனத்தின்போது கண்ணழுத்தம் ஏறத்தாழ இருமடங்காவதை 2006இல் வெளியிட்டனர். அறுகம்குடாவில் யோகம் பயில்வோரும் இதனை அறிதல் நன்று. மாறாக, புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தார் 2018இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு மூன்று வாரம் தியானமும் பயின்ற நோயாளர்க்கு அழுத்தம் குறைந்தது. விரைநடையும் அழுத்தத்தைச் சிறிது தணிக்கும்.

இவற்றால் அறியக்கிடப்பது யாது? துணை மருத்துவம் துணையாகவே நிற்றல் வேண்டும். சொட்டுமருந்தைக் கைவிட்டு வேறொன்றைத் தேடுவோர், நோவின்மையை நலமென மயங்கி எஞ்சிய ஒளியையும் இழப்பர். உட்கொள்ளும் மூலிகை எதுவாயினும் கண் மருத்துவரிடம் மறையாது கூறுக. நாற்பது வயதைக் கடந்தோரும், குடும்பத்தில் இந்நோய் உடையோரும் காலந்தோறும் கண்ணைச் சோதித்துக்கொள்க. எம்மருத்துவம் பயன் தந்தது என்பதை நம் உணர்வு கூறாது. அழுத்தமும் நரம்பும் பார்வைப் பரப்பும் அளந்தறியப்பட்ட பின்னரே அது துணியப்படும்.