தசைத் தூண்டல் புள்ளி

தசைத் தூண்டல் புள்ளி என்பது எலும்புத்தசையில் இறுகிப்போன இழைக்கற்றை ஒன்றினுள் காணப்படும், அழுத்தினால் மிகுந்த வலி தரும் சிறிய இடம் ஆகும். இது டிரிகர் பாயிண்ட் என்றும், பேச்சுவழக்கில் தசை முடிச்சு என்றும் சொல்லப்படுகிறது. இதை அழுத்தும்போது அந்த இடத்தில் மட்டுமன்றி, சற்றுத் தொலைவிலுள்ள வேறோர் இடத்திலும் வலி உணரப்படலாம். வலிக்கும் இடமும் வலி பிறக்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதே இதைப் புரிந்துகொள்வதற்கு அடிப்படை.

வரலாறு

ஜோனாஸ் கெல்கிரன் என்ற மருத்துவர் 1930களில் இலண்டனில் தன்னார்வலர்களின் தசைகளில் செறிவான உப்புக் கரைசலைச் சிறிதளவு ஊசிமூலம் செலுத்தி ஆராய்ந்தார். ஊசி குத்திய இடத்திற்கு அப்பாலும் வலி உணரப்படுவதை அவர் 1938இல் பதிவு செய்தார்.

அமெரிக்க மருத்துவர் ஜேனட் டிராவல் (1901–1997) இத்துறையை விரிவாக வளர்த்தார். முதுகுவலியால் நெடுங்காலம் துன்புற்ற ஜான் எஃப். கென்னடிக்குச் சிகிச்சை அளித்த இவர், 1961இல் கென்னடி குடியரசுத் தலைவரானபோது அவருடைய மருத்துவராகப் பொறுப்பேற்றார். அப்பொறுப்புக்கு வந்த முதல் பெண் இவரே. டேவிட் சைமன்ஸ் என்பவருடன் சேர்ந்து இவர் எழுதிய கையேட்டின் முதல் தொகுதி 1983இல் வெளிவந்தது. எந்தத் தசையிலுள்ள புள்ளி எங்கே வலியை உண்டாக்கும் என்பதை அது படங்களுடன் விளக்குகிறது.

உருவாகும் விதம்

நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வெளியாகும்போது தசை இழைக்குள் கால்சியம் விடுவிக்கப்பட்டு, இழை சுருங்குகிறது. அது மீண்டும் தளர வேண்டுமானால் கால்சியம் தன் சேமிப்பிடத்திற்குத் திரும்ப வேண்டும். இதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு தேவை.

அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறி வெளியாவதால் இழையின் ஒரு சிறு பகுதி தொடர்ந்து சுருங்கியே இருக்கிறது என்பது சைமன்ஸ் முன்வைத்த கருதுகோள். சுருங்கிய பகுதி நுண்ணிய இரத்தக் குழாய்களை நெருக்குகிறது. இதனால் ஆக்சிசன் வரத்துக் குறைகிறது. ஏடிபி உற்பத்தியும் குறைகிறது. ஏடிபி குறைந்தால் தசை தளர முடிவதில்லை. இவ்வாறு ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழற்சி ஏற்படுகிறது. அங்கே சேரும் வேதிப்பொருள்கள் வலி நரம்புகளைத் தூண்டுகின்றன.

தூண்டல் புள்ளிகளில் தனித்த மின் செயல்பாடு இருப்பதாக 1993இல் ஓர் ஆய்வு தெரிவித்தது. வலியுள்ள புள்ளிகளில் அமிலத்தன்மையும் வலியைத் தூண்டும் சில வேதிப்பொருள்களும் மிகுந்திருப்பதை 2005இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. எனினும் முழுச் சுழற்சியும் இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

வலி இடம் மாறுவது ஏன்?

உடலின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து வரும் உணர்வு நரம்புகள் தண்டுவடத்தில் ஒரே நரம்பணுக்களை வந்தடைவதுண்டு. அப்போது செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. மாரடைப்பின்போது இடது கை வலிப்பதற்கும் இதே விளக்கம் தரப்படுகிறது.

அடிக்கடி குறிப்பிடப்படும் சில எடுத்துக்காட்டுகள்:

- கழுத்திலிருந்து தோள்வரை விரியும் டிரெபீசியஸ் தசையின் மேற்பகுதி: கழுத்தின் பக்கவாட்டிலும் நெற்றிப்பொட்டிலும் வலி.
- மெல்லும் தசையான மசெட்டர்: பல்வலி போன்ற வலி.
- தோள்பட்டை எலும்பின் பின்புறமுள்ள இன்ஃப்ராஸ்பினேட்டஸ்: தோளின் முன்புறத்தில் வலி.
- பிட்டத்தின் ஆழத்திலுள்ள குளூட்டியஸ் மினிமஸ்: காலின் பக்கவாட்டில் கணுக்கால்வரை இறங்கும் வலி. இதைச் சியாட்டிகா எனத் தவறாகக் கருத வாய்ப்புண்டு.

வகைகளும் காரணங்களும்

தானாகவே வலி தருவது செயற்படு புள்ளி எனப்படும். அழுத்தினால் மட்டும் வலிப்பது உறங்கு புள்ளி. உறங்கு புள்ளியாலும் தசையின் அசைவு குறையலாம்.

பழக்கமில்லாத கடும் உழைப்பு, காயம், ஒரே நிலையில் நெடுநேரம் அமர்ந்திருத்தல், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தல் ஆகியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன. மன அழுத்தமும் தூக்கக் குறைவும் வலியை மிகுதிப்படுத்தும்.

கண்டறிதலும் கருத்து வேறுபாடும்

மருத்துவர் விரலால் தடவி இறுகிய கற்றையைத் தேடுகிறார். அதை அழுத்தும்போது நோயாளி, தனக்கு வழக்கமாக வரும் வலி இதுதான் என்று கூறுவது முக்கியமான அடையாளம். சில வேளைகளில் அந்தக் கற்றை சட்டென்று துடிப்பதும் உண்டு.

இதை உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனையோ வழக்கமான எக்ஸ்ரே அடையாளமோ இல்லை. ஒரே நோயாளியைப் பரிசோதிக்கும் இரு வல்லுநர்கள் வெவ்வேறு இடங்களைக் காட்டுவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. எனவே, கோளாறு தசையில் இல்லை, நரம்பு மண்டலத்தின் மிகையுணர்வே காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். இவ்விவாதம் வலிக்கான விளக்கத்தைப் பற்றியதே. நோயாளி உணரும் வலி பொய் என்று பொருளாகாது.

சிகிச்சை

விரலாலோ, சுவருக்கும் முதுகுக்கும் இடையே வைத்த டென்னிஸ் பந்தாலோ புள்ளியை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை தாங்கக்கூடிய அளவில் அழுத்துவது எளிய முறை. அதன்பின் தசையை மெதுவாக நீட்ட வேண்டும். கழுத்தின் முன்புறத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் இருப்பதால் அங்கே அழுத்தக் கூடாது. வெப்ப ஒத்தடமும் இதம் தரும்.

மரப்பூசி மருந்தைச் செலுத்துவதும், மருந்தில்லாமல் மெல்லிய ஊசியை மட்டும் குத்துவதும் மருத்துவமனைகளில் கையாளப்படுகின்றன. இவற்றால் பலருக்குக் குறுகிய கால நிவாரணம் கிடைக்கிறது. நீண்ட காலப் பயனுக்கான சான்றுகள் வலுவாக இல்லை. மார்புப் பகுதியில் குத்தும் ஊசி அரிதாக நுரையீரல் உறையைத் துளைத்துவிடலாம் என்பதால் பயிற்சி பெற்றவரே இதைச் செய்ய வேண்டும். அமரும் முறை, வேலைப் பழக்கம் முதலிய காரணங்கள் மாறாவிட்டால் வலி திரும்பக்கூடும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

மார்புத் தசையின் புள்ளிகள் இதயவலி போன்ற வலியைத் தரலாம். ஆனால் மார்பு வலியைத் தசை வலி என்று தாமாகவே முடிவு செய்வது உயிருக்கு ஆபத்தாகலாம். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவற்றுடன் மார்பு வலித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுகுவலியுடன் சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, கால் பலவீனம், தொடைகளுக்கு இடையே மரத்துப்போதல் ஆகியவை தோன்றினாலும் உடனடிச் சிகிச்சை தேவை. காய்ச்சல், காரணமின்றி உடல் எடை குறைதல், இரவில் ஓயாத வலி ஆகியவை இருந்தால் வேறு நோய் உள்ளதா என்று மருத்துவரிடம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.