கடற்பயணத்தில் வழிபாடு: முன்பதிவுக்கு முன் அறிய வேண்டியவை

உல்லாசக் கப்பல் பயணம் இன்று இந்தியக் குடும்பங்களின் விடுமுறைத் திட்டங்களில் இடம்பெறத் தொடங்கியுள்ளது. மும்பையிலிருந்து கோவா, கொச்சி, இலட்சத்தீவு ஆகிய இடங்களுக்குக் கப்பல்கள் செல்கின்றன. 2023 ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய இலங்கைத் துறைமுகங்களுக்கும் இத்தகைய சேவை தொடங்கப்பட்டது. எனினும், வீட்டுப் பெரியவர்கள் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. நாள்தோறும் விளக்கேற்றி வணங்குபவரும், ஐவேளைத் தொழுகையைத் தவறவிடாதவரும், ஞாயிறு திருப்பலிக்குச் செல்பவரும் நடுக்கடலில் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை தெரியாமலேயே பயணத்தை மறுத்துவிடுவோர் உள்ளனர். முன்கூட்டியே சிலவற்றை அறிந்துகொண்டால் அதற்குத் தேவையிராது.

கப்பலில் கிடைக்கும் வசதிகள்

பெரிய கப்பல்கள் சிலவற்றில் சிற்றாலயமோ வழிபாட்டுக்கென ஒதுக்கப்படும் அரங்கமோ இருக்கும். அன்றன்றைய நிகழ்ச்சி நிரலில் வழிபாட்டு நேரம் அறிவிக்கப்படும். குனார்ட் நிறுவனத்தின் கப்பல்களில், ஞாயிற்றுக்கிழமை கடலில் கழியுமானால், கப்பல் தலைவரோ மூத்த அதிகாரி ஒருவரோ அனைத்துத் திருச்சபையினருக்கும் பொதுவான வழிபாட்டை நடத்துவது நெடுநாள் மரபு. நீண்ட பயணங்களிலும், கிறிஸ்துமஸ், ஈஸ்டர் காலங்களிலும் குருமார்களை உடன் அழைத்துச் செல்லும் நிறுவனங்கள் உண்டு.

குருமார் எவரும் இல்லாத பயணங்களே மிகுதி. அப்போது பயணிகளுள் ஒருவரே முன்னின்று நடத்துவது வழக்கம். யூதர்களின் வெள்ளிக்கிழமை மாலை வழிபாடு பெரும்பாலும் இவ்வாறே நடைபெறுகிறது. கூட்டுப் பிரார்த்தனைக்கோ பஜனைக்கோ இடம் வேண்டுவோர் விருந்தினர் சேவைப் பிரிவில் முதல் நாளே கேட்டால், காலியாக உள்ள அறையொன்றை ஒதுக்கித்தர வாய்ப்புண்டு.

நெருப்புக்கு இடமில்லை

கப்பலில் மிகவும் அஞ்சப்படுவது தீ விபத்து. எனவே அகல் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி ஆகியவற்றை அறைகளில் ஏற்ற அனுமதியில்லை. கப்பல் ஏறும்போது நடைபெறும் சோதனையிலேயே இவை எடுத்து வைக்கப்படலாம். இவ்விதி எல்லாச் சமயத்தினருக்கும் பொது. யூதர்கள் ஓய்வுநாள் மெழுகுவர்த்திக்கு மாற்றாக மின் விளக்குகளைப் பயன்படுத்துகின்றனர். நாமும் மின்கலத்தால் எரியும் சிறு விளக்கு, சுவாமி படம், திருநீறு, குங்குமம், துதி நூல் ஆகியவற்றுடன் வழிபாட்டை நிறைவாகச் செய்யலாம். சைவ உணவு, சமண உணவு, விரத உணவு ஆகியவை தேவைப்படுவோர் முன்பதிவின்போதே எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது.

திசையும் நேரமும்

கப்பல் திரும்பும்போதெல்லாம் கிப்லாவின் திசையும் அறையைப் பொறுத்து மாறும். கப்பலின் இரும்பு உடல் கைப்பேசியின் திசைகாட்டியைத் திரிக்கக்கூடும். ஆகவே அறைத் தொலைக்காட்சியில் காட்டப்படும் பயணத் திசையை அறிந்து கணக்கிடுவதே நம்பகமானது. சூரியன் உதிக்கும், மறையும் நேரங்களும் நாளுக்கு நாள் மாறுவதால், புறப்பட்ட ஊரின் தொழுகை அட்டவணை பயன்படாது. பயணிகளுக்கு நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கும் சலுகை உண்டு. ஜும்ஆவும் அவர்கள்மீது கட்டாயமன்று. ஐயமிருப்பின் புறப்படும் முன் தம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளியலாம்.

துறைமுகத்தில் வழிபாடு

கப்பல் கரை சேரும் ஊர்களே வழிபாட்டுக்கு நல்ல வாய்ப்பு. கோவாவில் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் வைக்கப்பட்டுள்ள பாம் ஜீசஸ் பேராலயம், திருகோணமலையில் கடலை நோக்கிய குன்றின்மேல் திருக்கோணேசுவரம், கொச்சி மட்டாஞ்சேரியில் அரண்மனைக் கோயிலும் அதனருகே 1568இல் கட்டப்பட்ட யூதர்களின் பரதேசி ஜெபாலயமும் குறிப்பிடத்தக்கவை. கேரளக் கோயில்கள் பலவற்றில் ஆண்கள் மேலாடையின்றி வேட்டியுடன்தான் உள்ளே செல்ல முடியும். நடை சாத்தும் நேரத்தையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம். கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் வேறுபடலாம். கப்பல் நிறுவனம் ஏற்பாடு செய்யும் கரைச் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். தனியே சென்றவருக்காகக் காத்திராது. அடுத்த துறைமுகம் வரையிலான செலவு அவருடையதாகிவிடும். தரிசனத்திற்குத் தனியே செல்வோர் இரண்டு மணி நேரமேனும் முன்னதாகத் திரும்புமாறு திட்டமிடுவது பாதுகாப்பு.

பணம் குறித்து

கப்பலினுள் பெரும்பாலும் ரொக்கம் செல்லாது. செலவுகள் அறைக் கணக்கில் சேர்ந்து, இறுதியில் அட்டையிலிருந்து பெறப்படும். இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டிற்கு மட்டுமே திறந்து வழங்கப்படுகின்றன. வெளிநாடு செல்வோர் பன்னாட்டுப் பரிவர்த்தனை வசதியைத் தாமே இயக்கி, வரம்பையும் அமைத்துக்கொள்ள வேண்டும். உண்டியல் காணிக்கைக்கு அந்நாட்டுச் சில்லறை நோட்டுகள் சிறிது இருந்தால் போதும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலைத் தவறவிடும் நிலை அதில் அடங்குமா என்பதைப் படித்துப் பார்க்க வேண்டும்.

முன்பணம் செலுத்தும் முன் இவற்றைக் கேட்டறியுங்கள்:

• பயண நாள்களில் நம் முக்கிய நோன்போ பண்டிகையோ வருகிறதா?
• கப்பலில் வழிபாட்டிற்கு இடமோ குருமாரோ உண்டா?
• நம் உணவு முறை எழுத்து மூலம் உறுதி செய்யப்படுமா?
• எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் கிடைக்கும்?
• தேதியை மாற்றினால் எவ்வளவு பிடித்தம் செய்யப்படும்?

இவ்விடைகளைப் பெரியவர்களிடம் முதலிலேயே தெரிவித்துவிட்டால், அவர்களும் மனநிறைவோடு உடன் வருவார்கள்.